லீவுக்கு ஒரு தேதி

அடி அண்ணாமலை,
14.9.2025

அன்புள்ள செழியனுக்கு,

வாயால் உங்கள் பேரைச் சொன்னால் அத்தை முறைப்பார். எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது?

நானும் வயிற்றில் இருப்பதும் சுகம். அத்தைக்கு முட்டிவலி, மாமாவுக்கு வழக்கமான இருமல். அங்கே குளிரில் உங்கள் காதும் மூக்கும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று எழுதவும்.

போனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் 'ம்' கொட்டினேன் என்று வருத்தமா? அங்கே உங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டமே போனுக்கு நிற்கிறது. இங்கே மாமா ஸ்பீக்கரைப் போட்டுக் கடை பெஞ்சில் வைத்துவிடுகிறார். சுக்குக் காபி குடிக்க வந்த கிரிவலக்காரர்கள் வரை நம் குடும்பக் கதையைக் கேட்கிறார்கள். அதனால் நம் பேச்சு இனிமேல் கடிதத்தில்தான்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பா ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்தார். அம்மா இல்லாத வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கூட்டிப் போய் என்ன செய்வது என்று அவரே சொல்லி, என்னை இங்கேயே விட்டுப் போனார். வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடை வேலையை இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன். கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களின் மனுவையெல்லாம் அடித்துக் கொடுத்த கை வீட்டில் சும்மா இருக்காது. கஷ்டம் உங்களுக்குத்தான்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து டிசம்பர் பன்னிரண்டு என்று தேதி சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது. டிசம்பர் மூன்றாம் தேதி தீபம். அந்த வாரம் நம் வாசலில் ஜனம் நகரவே இடமிருக்காது, வண்டி எப்படிப் போகும் என்கிறார். அப்பாதுரை அண்ணன் மகள் தீபத்தன்று கூட்டத்தில் மாட்டி வேனிலேயே பெற்றதை எனக்கு அடிக்கடி சொல்கிறார். சொல்லச் சொல்ல அந்த வேன் சின்னதாகிக்கொண்டே போகிறது.

போன தடவையை நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை ஐந்தாம் மாதம் தாண்டிய அன்று கிணற்றடியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இப்போது பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
அருணாதேவி

எல்லை முகாம்,
30.9.2025

அன்புள்ள அருணா,

காது, மூக்கு இரண்டும் இருக்கின்றன. விரல் நுனிதான் மரத்துப்போகிறது, அதனால் கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல். நீ குனிந்து தேய்க்காதே.

போன தடவை நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாலாவது நாள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். எப்போ வந்தீங்க என்றுகூடக் கேட்கவில்லை. அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இந்தத் தடவை நான் அங்கே இருந்தே ஆக வேண்டும் அருணா. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பனி இறுகிவிட்டால் இங்கே நினைத்தபோது இறங்க முடியாது. ஒருவன் மேலே ஏறினால்தான் இன்னொருவன் இறங்கலாம். லீவு கேட்டுப் போனால் கமாண்டர் சாப் தேதி கேட்கிறார். பன்னிரண்டு என்றேன். டாக்டர் எழுதின தேதியில் எந்தப் பிள்ளை பிறந்திருக்கிறது, சரியாகக் கேட்டுச் சொல் என்று சிரித்தார். கடைசி மாதம் உள்ளே பார்த்தால் எப்போது என்று தெரிந்துவிடும் என்கிறார் எங்கள் சுபேதார். அவர் மூன்று பிள்ளை பெற்றவர், அதாவது அவர் மனைவி.

டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டு எழுது. பக்கத்துக் கட்டில் ஆரணி வல்லரசு உன்னை விசாரித்தான்.

அன்புடன்
செழியன்

அடி அண்ணாமலை,
24.10.2025

பெறுநர்: எல்லைக்காவல் செழியன் அவர்கள்.
பொருள்: தீபாவளிக்கு வராதது தொடர்பாக.

ஐயா, அதிரசம் தங்களுக்கு அனுப்பப்படவில்லை. மனுதாரரே தின்றுவிட்டார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மற்றபடி எல்லோரும் சௌக்கியம். மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, மலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது. என் கால் மட்டும் சாயந்திரமானால் வீங்குகிறது. பிரஷர் சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். உங்களுக்குச் சளி விட்டதா?

நீங்கள் எழுதினதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். படிக்காமல் இருந்திருக்கலாம். "புள்ள கேட்டுட்டான், ஒம்போதாம் மாசத்துலேந்து வாராவாரம் உள்ள பாத்துடணும்" என்று அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். அத்தை விடுகிற ஆளா? அடுத்த மாதத்துக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

உள்ளே பார்ப்பது என்றால் என்ன என்று சுபேதார் உங்களுக்குச் சொன்னாரா? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லை, வேண்டாம், விடுங்கள்.

உங்கள்
மனுதாரர்

எல்லை முகாம்,
5.11.2025

அன்புள்ள அருணா,

சளி விட்டது. அதிரசம் தின்ற குற்றத்துக்கு மன்னிப்பு கிடையாது. கால் வீக்கம் எப்படி இருக்கிறது? படுக்கும்போது தலையணை வைத்து உயர்த்திக்கொள்.

அம்மா ஏற்பாடு செய்தது நல்லதாகப் போயிற்று. வாராவாரம் பார்த்துவிடுங்கள். என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது. கடிதம் வர நாளாகும் என்பதால், ஏதாவது தெரிந்தால் உடனே முகாம் நம்பருக்குப் போன் செய்யும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கமாண்டர் சாப் தினமும் என் முகத்தைப் பார்க்கிறார். நான் தேதி சொல்லக் காத்திருக்கிறேன்.

தூங்கும்போதுகூட அந்த ரயிலில்தான் இருக்கிறேன் அருணா. ஏறுகிறேன், அது நகரவே மாட்டேன் என்கிறது.

அன்புடன்
செழியன்

அடி அண்ணாமலை,
14.11.2025

அன்புள்ள செழியனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

இன்று கிளினிக் போனோம். பார்த்தார்கள். கர்ப்பப்பை வாய் மூடியிருக்கிறதாம்.

குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டது. துடிப்பு நன்றாக இருக்கிறது. எடை கூடியிருக்கிறேன். தேரடி வீதியில் இப்போதே கடைகளுக்குப் பந்தல் போடுகிறார்கள், ஆட்டோ சுற்றிக்கொண்டுதான் வந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டில் பட்டும் படாமலும் உட்கார்ந்து வந்தேன். ஆட்டோக்காரர் தசரதன் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "மெதுவாப் போறேன்மா" என்றார். அவருக்கும் இரண்டு மகள்கள்.

வேறு விசேஷம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி.

அருணா

அடி அண்ணாமலை,
22.11.2025

அன்புள்ள செழியனுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் இருப்புக்கொள்ளவில்லை.

நேற்று மறுபடி பார்த்தார்கள். இரண்டு விரல் திறந்திருக்கிறது என்று டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அத்தை அங்கேயே கும்பிட்டுவிட்டார். வீடு வந்து சேருவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது. பூக்காரம்மா முழம் அளந்துகொண்டே, "ரெண்டு விரல் தொறந்துடுச்சாமே" என்று விசாரித்தார். கற்பூரம் வாங்க வந்தவரிடம் மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் உடம்புக்குள் இருப்பது கிரிவலப் பாதை முழுக்கச் சுற்றி வருகிறது, நான் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

போன கடிதத்தில் 'பார்த்தார்கள்' என்று ஒரு வார்த்தையில் முடித்தேன். வலித்தது செழியன். அதைவிட, என்னைக் கேட்காமல் செய்தார்கள். டாக்டரம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டார்கள், நான் கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுச் சாயந்திரம் லேசாக ரத்தக்கறை பட்டது. போன தடவையும் அப்படித்தானே ஆரம்பித்தது. மாமாவின் போனைப் பிடுங்கி டாக்டரம்மாவிடம் கேட்டேன். உள்ளே பார்த்தால் கொஞ்சம் அப்படிப் படும், ஜாஸ்தியானால் மட்டும் வா என்றார். அதற்கு மேல் படவில்லை. ஆனாலும் விடியும் வரை அசையாமல் படுத்திருந்தேன்.

இன்று காலை அத்தை பால் வாங்கப் போன நேரத்தில் நானே தனியாக ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனேன். ஊராருக்கு மனு எழுதுகிறவள் தனக்கு ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? இதைப் பார்த்தால் எப்போது பிறக்கும் என்று தெரியுமா என்றேன்.

"தெரியாதுமா. ரெண்டு விரல் தொறந்து மூணு வாரம் நடமாடறவங்க இருக்காங்க. மூடியிருக்குனு அனுப்பி அன்னிக்கே பெத்தவங்களும் இருக்காங்க."

"அப்போ எதுக்குப் பாக்கறீங்க?"

"ஒங்க வீட்ல கேக்கறாங்களேமா."

வலி வந்தால் பார்க்க வேண்டும், தண்ணீர் உடைந்தால் பார்க்க வேண்டும், தேதி தாண்டிப்போய் வலி வரவழைக்க வேண்டியிருந்தால் பார்க்க வேண்டும், அது வேறு என்றார். எல்லாம் நன்றாக இருக்கிறவளுக்கு வாராவாரம் பார்த்தே ஆக வேண்டும் என்று இல்லையாம். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, உடனே போய்விட்டது. அத்தை கேட்டார், அவர் பார்த்தார். நீங்கள் கேட்டீர்கள், அத்தை கேட்டார். சாப் கேட்டார், நீங்கள் கேட்டீர்கள். கேட்காதது என்னை மட்டும்தான்.

அதனால் இப்போது வராதீர்கள். ஸ்கேன் தேதியை ஒட்டி லீவு போடுங்கள். அதுவும் உறுதி இல்லை, ஆனால் இதைவிடப் பரவாயில்லை. போன் செய்யாதீர்கள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார்.

உங்கள்
அருணா

எல்லை முகாம்,
23.11.2025

அருணா,

நலமா? அவசரமாக எழுதுகிறேன். நேற்று அப்பா போன் செய்தார். இரண்டு விரல் திறந்துவிட்டது, இன்றோ நாளையோ என்றார். ஓடிப்போய் சாப்பிடம் சொன்னேன். லீவு கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதை நேரில் சொல்கிறேன். கீழே போகும் வண்டியில் இந்தக் கடிதமும் நானும் ஒன்றாக இறங்குகிறோம். யார் முதலில் வருகிறோம் பார்க்கலாம்.

நான் வருகிற வரைக்கும் உள்ளேயே இருக்கச் சொல்.

செழியன்

அடி அண்ணாமலை,
13.12.2025

அன்புள்ள செழியனுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நான் சுகம். இன்னும் பிறக்கவில்லை.

நீங்கள் வந்த பிறகு வந்து சேர்ந்த உங்கள் கடிதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சிரித்தோம் இல்லையா, நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று. உங்களுக்கு நான் எழுதின கடிதம் ஒன்று அதே நேரத்தில் மலை ஏறிக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை. வாசலில் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்ல முடியும்?

தீபத்தன்று மொட்டை மாடியில் என் பக்கத்தில் நின்றீர்களே, அந்த ஒரு சாயங்காலம் எனக்குப் போதும் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து வீட்டில் எல்லோரும் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். நான் இருமினால் ஓடி வந்தார்கள். எழுந்தால் வலியா என்றார்கள். நீங்களும் காலண்டரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், பிறகு மறுபடி காலண்டரைப் பார்த்தீர்கள்.

அன்றைக்குக் கிளினிக்கில் நடந்ததைப் பற்றி நாம் பேசவே இல்லை. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது அப்படியே உறைந்துபோகும். நீங்கள் டாக்டரம்மாவிடம், "பத்தாம் தேதி கெளம்பணும் மேடம், இன்னொரு வாட்டி பாத்துடுங்க, வலி வர்றதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுமா" என்றீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, வலி வரவழைக்கக் காரணம் இல்லை, வேண்டுமானால் பார்க்கிறேன் என்று அவர் கையுறையை எடுத்தார். அத்தை என் புடவைக் கொசுவத்தில் கை வைத்தார். என் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"வேணாம். எனக்கு வலி இல்ல, தண்ணி ஒடையல. அவருக்கு ரயில் இருக்குதுனு நான் ஏன் படுக்கணும்?"

டாக்டரம்மா, "சரிம்மா, வேணாம்னா வேணாம்" என்று கையுறையைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டார். அவ்வளவுதான். இத்தனை நாள் நான் பூட்டியிருக்கிறது என்று நினைத்த கதவு சும்மாதான் சாத்தியிருந்திருக்கிறது.

அதன் பிறகு இரண்டு நாள் நீங்கள் பேசவில்லை. கிளம்பும்போது, "உடம்பப் பாத்துக்கோ" என்றீர்கள். பஸ் திரும்பும்போது கையாட்டினேன். நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. கோபமா, வருத்தமா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். உங்கள் மௌனம் இந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி நடமாடுகிறது.

மலை மேல் தீபம் இன்றோடு முடிகிறது. தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன். நேற்று உள்ளே இருப்பது உதைத்த உதையில் டம்ளர் கையிலிருந்து விழுந்தது. அதற்கு யார் தேதியைப் பற்றியும் கவலை இல்லை.

உங்கள்
அருணா

அடி அண்ணாமலை,
22.12.2025

அன்புள்ள செழியனுக்கு,

மாமா போனில் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். பதினேழாம் தேதி மத்தியானம் நமக்குப் பெண் பிறந்தாள். நானும் அவளும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்களிடமிருந்து இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது வலி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அத்தையைக் கூப்பிட்டேன். அத்தை பயந்த கூட்டம் எதுவும் தெருவில் இல்லை. தசரதன் அண்ணன் ஆட்டோ காற்றாகப் போயிற்று. வழியெல்லாம் அத்தை என் கையை விடவில்லை. "ஒன்ன ரொம்பப் படுத்திட்டேன்டி, அந்த வேன் நெனப்பு என்ன வுடவே மாட்டேங்குது" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. வலியிலா வேறு எதிலா என்று தெரியவில்லை.

டாக்டரம்மா வந்தார். "இப்போ பாக்கணும் அருணா, எவ்ளோ தூரம் வந்திருக்குனு தெரியணும். பாக்கட்டுமா?" என்றார். பாருங்கள் என்றேன். அதே கைதான், அதே கட்டில்தான். வலித்தது, முன்னைவிட ஜாஸ்தியாகவே வலித்தது. ஆனால் நான் மின்விசிறியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழுத சத்தம் கேட்டதும் உங்கள் பேரைச் சொல்லித்தான் கத்தினேன். அத்தை இருந்தார், முறைக்கவில்லை. நீங்கள் இல்லையே என்று நிறைய அழுதேன் செழியன். ஆனால் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதற்காக அழவில்லை. இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

அவளுக்கு உங்கள் காது. மூக்கு என்னுடையது. நீங்கள் சொன்னபடி ஓவியா என்றுதான் பேர் வைக்கப்போகிறோம்.

அருணா

எல்லை முகாம்,
6.1.2026

அன்புள்ள அருணாவுக்கும் ஓவியாவுக்கும்,

இரண்டு பேரும் சுகமா? நான் சுகம், இப்போதுதான்.

உன் மூன்று கடிதங்களும் என் முன்னால் இருக்கின்றன. மூன்று என்றால் புரியும் உனக்கு. வராதீர்கள் என்று நீ எழுதினது நான் இறங்கின பிறகு இங்கே வந்து, என் கட்டிலில் எனக்காகக் கிடந்தது. திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றாமலே படித்தேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். என்ன எழுதினாலும் கேவலமாக இருந்தது.

எப்படி லீவு கிடைத்தது என்று உன்னிடம் கடைசி வரை சொல்லவில்லை. அது வல்லரசுவின் முறை. அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா போன் வந்ததும், "நீ போய்ட்டு வா, அவ கல்யாணத்த வீடியோல பாத்துக்கறேன்" என்று எனக்கு விட்டுக்கொடுத்தான். ஊரில் ஒவ்வொரு நாள் விடியும்போதும் அவன் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. வெறுங்கையோடு அவன் முன்னால் எப்படி நிற்பது என்று நினைத்துத்தான் டாக்டரம்மாவிடம் அப்படிக் கேட்டேன். உன்னை நினைக்கவில்லை. நீ சொன்னது சரி. எனக்கு ரயில் இருந்தது.

வந்த அன்றைக்கு வல்லரசுவிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "அண்ணி கரெக்டாத்தான் கேட்டிருக்காங்க" என்றான். நீ கையாட்டினதைப் பார்த்தேன் அருணா. பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கமாண்டர் சாப் இனிப்பு கேட்டார், கொடுத்தோம். அடுத்த லீவு எப்போது வேண்டும், தேதி சொல் என்றார். பிள்ளை குப்புற விழுகிற அன்று நான் இருக்க வேண்டும் சாப் என்றேன். அது என்றைக்கு என்றார். அது அவள் இஷ்டம் சாப் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

உன்னைக் கேட்காமல் இந்தத் தடவை எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. நான் எப்போது வரட்டும்?

உன்
செழியன்

அடி அண்ணாமலை,
18.1.2026

அன்புள்ள செழியனுக்கு,

எல்லோரும் சுகம். ஓவியாவுக்கு மட்டும் ராத்திரி பகல் தெரியவில்லை, அதனால் எனக்கும் தெரியவில்லை. வல்லரசு தங்கச்சிக்கு மாமாவிடம் சொல்லி ஒரு புடவை அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அத்தைக்கும் படித்துக் காட்டினேன், சில வரிகளை விட்டுவிட்டுத்தான். குப்புற விழுவது வரைக்கும் வந்ததும் அத்தை எழுந்துபோய் ஓவியாவின் காலைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இந்தக் கால் பலத்துக்கு எந்த வாரம் விழுவாள் என்று சொல்லிவிடுவாராம். மாமா போனைத் தேடினார்.

நான் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் விழும்போது விழட்டும் என்றேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

நீங்கள் லீவு கிடைக்கிறபோது வாருங்கள். அவள் குப்புற விழுந்திருந்தால் தவழுவாள். தவழ்ந்துவிட்டிருந்தால் நடப்பாள். எதற்கு வந்தாலும் நான் வாசலைப் பார்த்துத்தான் படுத்திருப்பேன்.

உங்கள்
அருணா